அங்கீகரிக்கப்படாத அசைவு

சிப்பிக்குடா முஸ்லிம் வித்தியாலயத்துப் பிள்ளைகள் பல வருடங்களாக அனுமதியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தால் ஓடுவார்கள், அடிக்காவிட்டாலும் ஓடுவார்கள். களப்புப் பக்கமிருந்து கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் எறியும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்கள். மைதானத்தில் கழுதைகள் படுத்திருந்தால் அவற்றைச் சுற்றி ஓடுவார்கள், எழும்பி நின்றால் அவற்றோடு சேர்ந்து ஓடுவார்கள். இதில் பாரிய குறைபாடு ஒன்று இருப்பதைக் குடாக்கரை வலயக் கல்விப் பணிமனைதான் முதலில் கண்டுபிடித்தது. இந்த ஓட்டம் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை பதினேழு பக்கச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. 'மூளை விருத்திக்கும் கற்றல் மேம்பாட்டுக்குமான ஆரோக்கிய மைதானத் திட்டம்' என்பது தலைப்பு. இவ்வளவு நீளப் பெயரை ஒவ்வொரு தடவையும் எழுதினால் பேனை தேய்ந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ, பக்கத்திலேயே 'சுருக்கமாக: ஆ.மை.' என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளை ஓடவைக்கும் திட்டத்துக்கு வைத்த பெயரைப் பணிமனையின் நாற்பத்திரண்டு உத்தியோகத்தர்களில் ஒருவரும் வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை போலும். ஊர் வாசித்தது. மறுநாளே அது 'ஆமத் திட்டம்' ஆகிவிட்டது.

தரம் மூன்று வகுப்பாசிரியை ஸாஜிதா அந்தப் பதினேழு பக்கத்தையும் வாசித்தாள். அவளை வாசிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, கையொப்பமிடத்தான் சொன்னார்கள். மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: உடலை அசைக்கும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, கவனம் நிலைக்கிறது, ஞாபகம் பலப்படுகிறது, ஓடியாடிய பிள்ளை பிறகு பாடத்தைக் கூடுதலாகக் கிரகிக்கிறது. அத்தனையும் உண்மை. இந்தக் கதையில் துக்கமே அதுதான். ஸாஜிதாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. தான் நுஸ்ராவோடு களவாகச் செய்துகொண்டிருந்த காரியத்தை அரசாங்கமே விஞ்ஞானம் என்று எழுதி அனுப்பியிருக்கிறதே!

நுஸ்ராவுக்கு எட்டு வயது. அவள் ஒரு கதிரையில் முழுதாக ஐந்து நிமிடம் இருந்ததைப் பெற்ற தாய் றம்ஸியாவே கண்டதில்லை. இரண்டு வருடமாக எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. கரும்பலகையில் 'மீன்' என்று எழுதிக் காட்டினால் அவள் யன்னலால் கழுதையைப் பார்ப்பாள். பெப்ரவரியில் ஒருநாள் ஸாஜிதா பொறுமையிழந்து அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய், கெந்தி விளையாடும் கட்டங்களை மணலில் கீறி, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிவிட்டாள். நுஸ்ரா ஒற்றைக் காலில் 'மீ'யில் குதித்தாள், அடுத்து 'ன்'இல் குதித்தாள், திரும்பிப் பார்த்து, "டீச்சர், மீன்!" என்று கத்தினாள். ஏப்ரலில் வள்ளம், வலை, கடற்கரை எல்லாம் வந்தன. ஜூனில் மணலில் எழுதத் தேவையே இருக்கவில்லை. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்துக்கு ஒரு கெந்தலாக வாசித்தாள். காலை நிறுத்தச் சொன்னால் வாயும் நின்றுவிடும். ஏன் என்று ஸாஜிதாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

நேரமில்லாததற்குக் காரணம் ஜூலை முடிவில் வரவிருந்த வாசிப்புப் பரிசோதனை. அதில் தவறினால் நுஸ்ராவை நகரத்திலுள்ள விசேட கல்விப் பிரிவுக்கு மாற்றுவதாகப் பணிமனையிலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். தகப்பன் அஸாம் கடல்தொழிலாளி, றம்ஸியாவின் இடுப்பில் கைக்குழந்தை.

"அங்க அனுப்புறெண்டா ஆரு டீச்சர் கூட்டிக்கொண்டு போற?" என்று றம்ஸியா வகுப்பு வாசலில் நின்று கேட்டாள். "ரெண்டு நாளைக்குப் போவா. மூணாம் நாள் ஊட்டுல நிப்பா. பொறகு ஊட்டுலயேதான்."

"அப்பிடி ஒண்டும் நடக்காது. புள்ள வாசிக்கிறாதானே. இப்ப திட்டமும் வந்திரிக்கி, இனி நாள் முழுக்கக் கெந்தலாம்," என்றாள் ஸாஜிதா. பாவம், அவள் மூன்றாம் பக்கத்தை நம்பிவிட்டாள்.

திட்டத்தின் முதற்படியாக மைதானம் மூடப்பட்டது.

அதற்காக உடற்கல்வி ஆசிரிய ஆலோசகர் றிஸ்மின் நேரில் வந்தார். பாடசாலை வாயிலிலிருந்து அதிபர் அறைக்கு நாற்பது அடி தூரம். முச்சக்கரவண்டியை அறை வாசல்வரை விடச்சொல்லி இறங்கினார். மஞ்சள் நாடா, செம்மஞ்சள் கூம்புகள், ஒரு விசில், படிவக் கட்டுகள் இரண்டு. மைதானத்தைச் சுற்றி முளையடித்து நாடா கட்டி முடித்ததும் விசிலை ஊதிப் பார்த்து, மறுபடி உறையில் போட்டுப் பூட்டினார்.

"மைதானத்த ஏன் சேர் மூடுற?" என்று ஸாஜிதா கேட்டாள். "புள்ளைகள ஓட வைக்கத்தானே திட்டம்?"

"ஓம் டீச்சர், அதுக்குத்தான் மூடுற. முதல்ல அடிப்படை அளவீடு எடுக்கணும். இப்பவே ஓடிட்டாங்கெண்டா, பொறகு திட்டத்தாலதான் ஓடினாங்கெண்டு எப்பிடி நிரூபிக்கிற? எங்களுக்கு ஓடாத புள்ளைகள் தேவ."

"எங்கட புள்ளைகள் ஓடுறாங்களே சேர்."

"அதுதான் இங்க உள்ள பிரச்சின," என்று றிஸ்மின் கவலையோடு தலையசைத்தார்.

அதிபர் நௌஃபர் பக்கத்தில் நின்று இரண்டு பேர் சொன்னதற்கும் ஓம் போட்டார். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர். மேலேயிருந்து கடிதம் வந்தால் பிரிக்கமுன்னமே அவருக்கு வியர்க்கும்.

பிறகு படிவங்கள். பிள்ளைக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஆறு பக்கம். ஒன்பதாவது நிரலில் 'இயக்கத்துக்கு முன் மூளையின் நிலை: மிக நன்று / நன்று / திருப்தி' என்று இருந்தது. ஸாஜிதா பேனையை வைத்துவிட்டு றிஸ்மினுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மூளைய எப்பிடிப் பாக்கிற சேர்?"

"வெளியால பாத்துப் போடுங்க டீச்சர். பன்னெண்டு வருச சேவை உங்களுக்கு, உங்களுக்குத் தெரியாதா?"

வெளியால் பார்த்ததில் எல்லா மூளையும் நன்றாகத்தான் தெரிந்தது. இருபத்தெட்டுப் பேருக்கு 'நன்று' போட்டாள். நுஸ்ராவுக்கு, அந்த மீனை நினைத்து, 'மிக நன்று' போட்டாள். நான்காம் நாள் அந்த ஒரு படிவம் மட்டும் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. 'திட்டத்துக்கு முன்னரே மிக நன்று எனின் வளர்ச்சிக்கு இடமில்லை. மூளையைக் குறைத்து மீள அனுப்பவும்.' ஸாஜிதா மனது கேளாமல் 'திருப்தி'க்கு இறக்கினாள்.

உடற்பயிற்சிப் பாடவேளையில் பிள்ளைகள் வகுப்புக்குள் வரிசையாக இருந்து 'எனது இயக்க நாட்குறிப்பு' என்ற கொப்பியை நிரப்பினார்கள். இன்று நான் ஓடிய நிமிடங்கள்: 0. இன்று நான் பாய்ந்த தடவைகள்: 0. எழுத்து அழகாக இருக்க வேண்டுமென்பதால் இடைவேளையிலும் இருந்து எழுதினார்கள். வெளியே, நாடா கட்டிய மைதானத்துக்குள் கழுதைகள் மட்டும் ஓடின. அவற்றுக்குப் படிவம் கிடையாது. மூன்றாம் நாள் கச்சான் காற்று கூம்புகளைக் கிளப்பிக்கொண்டு போய்க் களப்பில் போட்டது. அவையும் போனபின் மைதானத்தில் விளையாட்டுச் சாமான் என்று சொல்ல மஞ்சள் நாடா ஒன்றுதான் மிச்சம்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நாலடி நிலம் இருந்தது. ஸாஜிதா நுஸ்ராவை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கெந்தவைத்தாள். இரண்டாம் நாளே அதிபர் வந்து நின்றார்.

"டீச்சர், வேணாம். கண்டாங்கெண்டா அளவீடு பழுதாப் போச்செண்டு என்னட்டக் கேப்பாங்க."

"சேர், புள்ளைக்கு சோதன வருது."

"எனக்கும்தான் வருது," என்றார் நௌஃபர்.

இரண்டு கிழமையில் நுஸ்ரா கதிரையில் இருக்கப் பழகிவிட்டாள். வந்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. 'வள்ளம்' என்று எழுதியிருந்ததை 'வலை' என்று வாசித்தாள். பிறகு ஒன்றும் வாசிக்காமல் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஸாஜிதாவை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை.

இந்த நிலையில்தான் பெற்றோருக்கான கடிதம் வந்தது.

சிங்களத்தில் எழுதப்பட்டதை மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் ஒருவர் அகராதியைப் பார்த்துத் தமிழாக்கியிருந்தார். அகராதியில் பிழையில்லை. ஆனால் இந்த நாட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கு 'இயக்கம்' என்ற சொல்லுக்கு முப்பது வருடம் ஒரே பொருள்தான் இருந்தது. துவக்கு வைத்திருந்தவர்கள். சிப்பிக்குடாவில் பாதிக் குடும்பங்கள் தொண்ணூறாம் ஆண்டு அந்த இயக்கம் வெளியேறச் சொல்லி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவை. ஸாஜிதாவின் உம்மாவும் வாப்பாவும் அப்படித்தான் வந்தார்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கடிதத்தை அதிபரே உரத்து வாசித்தார்.

'அன்பார்ந்த பெற்றோரே, தங்கள் பிள்ளையை எதிர்வரும் 15ஆம் திகதி முதல் இயக்கத்தில் சேர்த்துக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளும் இயக்கத்தில் இணைவது கட்டாயமாகும். வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளையும் இயக்கத்துக்கு ஊக்குவிக்கவும். விலக விரும்புவோர் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்ஙனம், அ. பதியுதீன், வலயப் பணிப்பாளரும் இயக்கத்தின் வலயத் தலைவரும்.'

சங்கத்தின் மூத்த உறுப்பினர், தையற்கடை பாயிஸ் நானா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது அவருக்கு இருபத்துநாலு வயது.

"சேர், அண்டைக்கு இயக்கம் எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தது. ஒரு பேக்கோட வெளிக்கிட்டு வந்தன். முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு, இப்ப கடிதம் போட்டுப் பேரப்புள்ளயக் கேக்குது. கையொப்பம் வெக்கக் கோடும் போட்டுத் தந்திரிக்கி."

"ஐயோ பாயிஸ் நானா, இது அந்த இயக்கமில்ல. ஓடுற, பாயுற இயக்கம்."

"எங்களையும் ஓடத்தான் சொன்னவங்கள் சேர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாயிஸ் நானா சிரிக்கவில்லை, அதனால் அதுவும் நின்றுவிட்டது. ஸாஜிதாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உம்மா இன்றைக்கும் கட்டிலுக்கடியில் ஒரு பேக்கைத் தயாராக வைத்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

கடிதத்தின் பிரதி வட்ஸ்அப்பில் புத்தளம் தாண்டிப் போனது. மூன்றாம் நாள் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்து, இயக்கத்தின் தலைவர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். அதிபர் கடிதத்தின் அடியிலிருந்த கையொப்பத்தைக் காட்டினார். அன்றைக்குப் பணிப்பாளர் பதியுதீன் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் நாலரை மணித்தியாலம் அசையாமல் இருந்து, பிள்ளைகள் ஏன் அசைய வேண்டும் என்பதை விளக்கினார்.

வெளியே வந்ததும் அவசரத் திருத்தச் சுற்றறிக்கை போட்டார். 'இயக்கம்' என வருமிடமெல்லாம் 'அசைவு' என மாற்றப்படும். கணினியில் இருந்த எழுதுவினைஞர் சுறுசுறுப்பானவர். ஒரு இடத்தையும் மிச்சம் விடவில்லை. 'திட்ட இயக்குநர்' 'திட்ட அசைவுநர்' ஆனார். தொடக்க விழாவுக்கான அறிவுறுத்தலில் 'நிகழ்வுக்கு முன் மின்பிறப்பாக்கியை அசைக்கவும்' என்று வந்தது.

ஆம், தொடக்க விழா. நாடாவை வெட்டாமல் பிள்ளைகள் அதற்குள் கால்வைக்க முடியாது, பணிப்பாளர் வராமல் நாடாவை வெட்ட முடியாது. பணிப்பாளருக்கு ஜூலை முப்பதாம் திகதிதான் நேரம் கிடைத்தது. வாசிப்புப் பரிசோதனைக்கும் அதே திகதி. எரிபொருள் சிக்கனம் கருதி இரண்டையும் ஒரே வருகையில் முடிப்பதாக றிஸ்மின் அறிவித்தார்.

"நுஸ்ரா மேடையில உறுதிமொழி வாசிக்கட்டும்," என்றார். "அதையே பரிசோதனையா எடுக்கலாம். பின்தங்கின புள்ள ஒண்டு வாசிச்சுக் காட்டினா திட்டம் வெற்றியெண்டு எழுதலாம்."

"திட்டம் இன்னும் துவங்கவேயில்லையே சேர்."

"வெற்றிய முன்கூட்டியே எழுதாட்டி றிப்போர்ட் பிந்திப் போகும் டீச்சர்."

"சேர், அவ கெந்திக்கொண்டு வாசிக்கிற புள்ள. நேரா நிண்டா வராது."

"மேடையில கெந்துறதா?" றிஸ்மின் பயந்துபோனார். "பணிப்பாளருக்கு முன்னாலயா? அசைவுத் திட்டம் டீச்சர் இது. கொஞ்சம் ஒழுங்கு வேணும்."

ஜூலை முப்பது. காலை எட்டு மணிக்கே நூற்றுப் பதின்மூன்று பிள்ளைகளும் வெள்ளைச் சீருடையோடு பூவரச மரத்தடி மணலில் சம்மணம் கட்டி இருத்தப்பட்டார்கள். அஸாம் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அவனும் இன்னும் இரண்டு தகப்பன்மாரும் சுற்றறிக்கையில் உள்ளபடி மின்பிறப்பாக்கியை இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தார்கள். பழைய சாமான், அசைத்த பிறகுதான் வேலை செய்தது. திட்டத்தில் சொன்னபடி நடந்த ஒரே விசயம் அதுதான். பத்தே முக்காலுக்குப் பிரதம விருந்தினர் வந்தார்கள்.

பணிப்பாளர் நாடாவை வெட்டினார். பக்கத்தில் ஒரு துண்டைத்தான் வெட்டினார், மிச்சம் நாடா மைதானத்தைச் சுற்றி அப்படியே நின்றது. பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பான மாணவச் செல்வங்களே! அசையாத பிள்ளையின் மூளை வளராது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இருந்தால் இரத்த ஓட்டம் குறையும், கவனம் சிதறும், படித்தது மறக்கும். இதை உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் சொல்கிறார்கள். இது மிக முக்கியமான விசயம். ஆகவே ஒருவரும் அசையாமல் இருந்து கேளுங்கள்."

கேட்டார்கள். ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். ஆசிரியர்மார் வரிசைகளுக்கிடையில் நடந்து, காலை நீட்டிய பிள்ளைகளின் காலை மடக்கிவிட்டார்கள். முதலாம் தரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்கள், அவர்களையும் நிமிர்த்திவைத்தார்கள்.

அடுத்து றிஸ்மின் எழும்பினார். "நான் சின்னவனாக இருக்கும்போது விளையாட்டு என்று ஒருநாளும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதில்லை. ஓடினதில்லை, மரம் ஏறினதில்லை, கடலில் இறங்கினதில்லை. வாப்பா மேசையில் இருத்திப் படிப்பித்தார். அதனால்தான் இன்றைக்கு உடற்கல்வி ஆலோசகராக உங்கள் முன்னால் நிற்கிறேன்." கைதட்டல் கேட்டது. அவர் இன்னும் நாற்பது நிமிடம் நின்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் அதிபர் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை நீட்ட, பணிப்பாளர் தன் குறிப்பை எழுதினார்: 'ஆ.மை. திட்டம் சிறப்பாக ஆரம்பிக்கப்பட்டது. இவ்வளவு நேரமும் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பெரிதும் பாராட்டுகிறேன்.' கையொப்பம், திகதி, முத்திரை. அந்தப் புத்தகத்தில் எழுதியதை அழிக்க முடியாது.

பன்னிரண்டரைக்கு நுஸ்ராவைக் கூப்பிட்டார்கள்.

அவள் மேடையில் ஏறி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். கையில் உறுதிமொழித் தாள். பக்கத்தில் மேசை போட்டு ஒரு உத்தியோகத்தர் பரிசோதனைப் படிவத்தோடு இருந்தார். றம்ஸியா குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். அஸாம் மின்பிறப்பாக்கியில் சாய்ந்தபடி கையைக் கட்டிக்கொண்டான். நுஸ்ரா தாளைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வலது குதிகால் மட்டும் மெதுவாக மேலெழும்பியது.

"மகள், காலை ஆட்டாம நில்லுங்க," என்றார் றிஸ்மின்.

குதிகால் கீழே இறங்கியது. உத்தியோகத்தர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனையைத் திறந்தார்.

மேடையோரம் நின்ற ஸாஜிதாவுக்கு அந்தப் பேனை மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு இடமாற்றம் நினைவுக்கு வந்தது, சம்பள ஏற்றம் நினைவுக்கு வந்தது, அதிபரின் வியர்த்த நெற்றியும் தெரிந்தது. இரண்டு பஸ்ஸும் நினைவுக்கு வந்தன. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"நுஸ்ரா, கெந்து!"

நுஸ்ரா திரும்பிப் பார்த்தாள். டீச்சர் பகிடிக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் இரண்டு சப்பாத்தையும் கழற்றி எறிந்துவிட்டு மேடையிலிருந்து மணலில் குதித்தாள். ஒற்றைக் காலில் 'நா'. அடுத்து 'ன்'. தாள் முகத்துக்கு முன்னால், குரல் ஊருக்குக் கேட்கும்படி.

"நான்... தி-ன-மு-ம்... தினமும்! எ-ன்... உ-ட-லை... உடலை! அ-சை-ப்-பே-ன்... நான் தினமும் என் உடலை அசைப்பேன்!"

மணல் தெறித்தது. மஞ்சள் நாடா வயிற்றில் தட்டுப்பட்டு அறுந்தது, அவள் கவனிக்கவில்லை. 'அசைவினால் என் மூளையை வளர்ப்பேன்' என்று மைதானத்தின் நடுவுக்கு வந்தாள். படுத்திருந்த கழுதை எழும்பி வழிவிட்டது. நாலரை மணித்தியாலம் சம்மணத்தில் மரத்துப்போன நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் முதலில் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு முதலாம் தரத்தில் யாரோ ஒருத்தி கெந்தினாள். அவ்வளவுதான். நித்திரையாக இருந்த இருவரும் உட்பட எல்லாரும் எழும்பி ஒற்றைக் காலில் கத்திக்கொண்டு போனார்கள்.

"இந்தப் பிள்ளைக்கு அசைய யார் அனுமதி கொடுத்தது?" என்று பணிப்பாளர் கத்தினார். ஒலிவாங்கி போட்டபடி இருந்ததால் கடற்கரைவரை கேட்டது. பாயிஸ் நானா வேலியோரம் நின்று, அன்றைக்குத்தான் முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கத் தனக்கு இத்தனை வருடம் பிடித்தது என்று பிறகு கடையில் சொன்னாராம்.

பரிசோதனைப் படிவத்தில் முடிவு போடமுடியாமற் போயிற்று. முதலாம் கேள்வி: பிள்ளை வாசித்ததா? ஆம். இரண்டாம் கேள்வி: வாசிக்கும்போது நேராக நின்றதா? இல்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்று அறிவுறுத்தலில் இல்லை. 'முடிவு நிலுவையில்' என்று எழுதிக்கொண்டு, விழாவுக்கு வைத்த சோட்டீஸ் பலகாரத்தைப் பையில் கட்டிக்கொண்டு பணிமனைக்காரர் எல்லாரும் வாகனமேறினார்கள்.

ஒன்பதாம் நாள் ஸாஜிதாவுக்குப் பதிவுத் தபாலில் விளக்கம் கோரும் கடிதம் வந்தது. அதிபர் அறையில் நின்றபடியே வாசித்தாள்.

'தங்கள் வகுப்பைச் சேர்ந்த செல்வி அ. நுஸ்ரா, 30.07 அன்று உறுதிமொழியின் எல்லாச் சொற்களையும் யாதொரு பிழையுமின்றி உரத்த, தெளிவான குரலில் வாசித்தவாறு, மேடையிலிருந்து மைதான எல்லைவரை அங்கீகரிக்கப்படாத அசைவு மேற்கொண்டமையும், ஏனைய 112 மாணவர்களை அவ்வாறே அசையத் தூண்டியமையும் தொடர்பாக, தங்களுக்கெதிராக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் காரணம் காட்டவும். ஒப்பம், அ. பதியுதீன்.'

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். "இடம் மாத்தப் போறாங்க சேர். புள்ளைக்கும் முடிவு சொல்லல்ல."

நௌஃபர் கடிதத்தை வாங்கினார். வழக்கம்போல நெற்றி வியர்த்தது. ஒருமுறை வாசித்தார், இன்னொருமுறை வாசித்தார். மூன்றாம் முறை நடுவிலிருந்து வாசித்தார்.

"டீச்சர், இதப் பாருங்க. 'எல்லாச் சொற்களையும் யாதொரு பிழையுமின்றி.' பணிப்பாளர்ட கையொப்பம். முத்திரையும் இரிக்கி." அவர் குரல் மாறியிருந்தது. "இது குற்றப்பத்திரமில்ல டீச்சர். சேர்ட்டிபிகேட்."

அவர் எழும்பி அலுமாரியைத் திறந்து நுஸ்ராவின் கோப்பை எடுத்தார். கடிதத்துக்குப் போட்டோகொப்பி அடித்து, 'வாசிப்புத் தேர்ச்சிக்கான அத்தாட்சி' என்று மேலே எழுதி, தன் முத்திரையையும் குத்தி உள்ளே வைத்தார். விசேட கல்விப் பிரிவுக்கு மாற்றும் கடிதத்தின் மேல் 'தேவையற்றது' என்று சிவப்புப் பேனையால் எழுதினார். ஸாஜிதாவின் விளக்கத்தையும் அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அது ஒரு வரிதான். 'அன்றைய தினம் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பார்க்க: சம்பவத்திரட்டுப் புத்தகம், பணிப்பாளர் அவர்களின் குறிப்பு.' அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணைத்து ஒட்டினார்கள். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

ஸாஜிதா மூலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இடைவேளை. கச்சான் வீசியது. மஞ்சள் நாடாவின் மிச்சத்தைக் காற்று களப்புக்குக் கொண்டுபோயிருந்தது, முளைகள் மட்டும் நின்றன. பிள்ளைகள் பழையபடி அனுமதியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நுஸ்ரா மூச்சுவாங்க வந்து நின்றாள். "அது என்ன கடதாசி டீச்சர்?"

"உன்னப் பத்தித்தான் எழுதியிரிக்காங்க."

"என்னயா? தாங்க, நான் வாசிக்கிறன்."

அவள் கடிதத்தை வாங்கி வரிகளில் கண்ணை ஓட்டி, இருப்பதிலேயே நீளமான சொல்லைத் தேடிப் பிடித்தாள். பூவரச மரத்தடியில் நின்று இடது காலைத் தூக்கினாள்.

"அ. ங். கீ. க. ரி. க். க. ப். ப. டா. த."

பதினோராவது கெந்தலில் எல்லை முளைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முளையைப் பார்த்தாள். "அ. சை. வு," என்று இன்னும் மூன்று கெந்தி அதைத் தாண்டிப் போனாள். அங்கிருந்து திரும்பிக் கத்தினாள்.

"டீச்சர், இதவிடப் பெரிய சொல்லும் இரிக்கா?"

"இரிக்கி மகள்," என்றாள் ஸாஜிதா. "பணிமனையால இன்னும் அனுப்புவாங்க."